கூட்டணி ஆட்சிதான் வரும் என்று தெரிந்தால் வாக்காளர் எதைப் பார்த்து வாக்களிக்கிறார்?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஜெர்மனி, நியூசிலாந்து, நெதர்லாந்து போன்ற நாடுகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காது என்பது பெரும்பாலும் தேர்தலுக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் அங்கே வாக்குச்சாவடிக்குப் போகிறவர் எதை வைத்து முடிவெடுக்கிறார்? நான் போட்ட கட்சி நாளைக்கு எனக்குப் பிடிக்காத கட்சியோடு சேர்ந்துவிட்டால் என் வாக்குக்கு என்ன மதிப்பு?

நேராகச் சொன்னால், பெரும்பாலானவர்கள் எந்தக் கணக்கும் போடுவதில்லை. பிடித்த கட்சிக்கோ, வெறுப்பு குறைந்த கட்சிக்கோ வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வரப்போகும் கூட்டணியை மனத்தில் வைத்து வாக்கை மாற்றிப் போடுகிறவர்கள் சிறுபான்மைதான். ஆனால் நாடாளுமன்றத்துக்குள் நுழையக் கட்சி வாங்க வேண்டிய 5 சதவீத வரம்பும் ஒன்றிரண்டு இடங்களும் ஆட்சியைத் தீர்மானிக்கிற இடத்தில் அந்தச் சிறுபான்மையே போதும். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. தேர்தல் அறிக்கையை யாரும் அவ்வளவாகப் புரட்டுவதில்லை. கருத்துக்கணிப்பைப் பார்க்கிறார்கள், ஆனால் அதற்கும் முன்னால் "யாரோடு சேரமாட்டோம்" என்று ஒவ்வொரு கட்சியும் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்கிறார்கள். சேருவோம் என்ற பேச்சு தேர்தலுக்குப் பிறகு எப்படியும் வளையும். சேரமாட்டோம் என்பதுதான் வாக்காளர் பிடித்துக்கொண்டு கணக்குப் போடக்கூடிய தகவல்.

நம் ஊர் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் இதில் கொஞ்சம் குழப்பம் வரும். தமிழ்நாட்டில் கூட்டணி என்பது தேர்தலுக்கு முன்பே பேசி முடிக்கிற சமாச்சாரம். தொகுதிப் பங்கீட்டில் கையெழுத்தாகி, எல்லாரும் ஒரே மேடையில் ஏறிய பிறகுதான் வாக்காளரிடமே வருகிறார்கள். ஜெயித்த பிறகு ஆட்சியில் பங்கு கிடைப்பதும் அரிது. 2006இல் தி.மு.க. 96 இடங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, காங்கிரசும் பிற தோழமைக் கட்சிகளும் வெளியிலிருந்து ஆதரவு தர, தனி அமைச்சரவையே நடத்தியது. ஜெர்மனியில் வரிசை தலைகீழ். கட்சிகள் தனித்தனியாக நிற்கும். முடிவு வந்த பிறகுதான் பேச்சுவார்த்தை. அது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும். சேருகிற எல்லாரும் அமைச்சரவையில் உட்காருவார்கள். ஆகவே அங்கே வாக்காளர், இன்னும் தொடங்காத ஒரு பேச்சுவார்த்தையின் முடிவை ஊகித்துக்கொண்டு வாக்களிக்க வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியையே முக்கிய எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஊகிப்பில் ஊறியவர்கள் அவர்கள். 1957இல் சான்சலர் (அங்கே பிரதமருக்கு அதுதான் பெயர்) அடனாவர் பெற்ற வெற்றியைத் தவிர எந்த அணியும் அங்கே தனியாகப் பாதிக்கு மேல் வாக்கு வாங்கியதில்லை. 1953 முதல் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு. இரண்டாவது வாக்கு கட்சிப் பட்டியலுக்கு. நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை அடிப்படையில் தீர்மானிப்பது இந்த இரண்டாவது வாக்குதான். நாடு முழுவதும் 5 சதவீதம் வாங்காத கட்சிக்குப் பட்டியல் இடம் கிடையாது. மூன்று தொகுதிகளில் நேரடியாக வென்றிருப்பது முக்கியமான விதிவிலக்கு.

பல பத்தாண்டுகள் அங்கே ஆட்சியின் சாவி எஃப்டிபி என்ற சிறிய தாராளவாதக் கட்சியிடம் இருந்தது. 1969 முதல் அது எஸ்பிடி என்ற சமூக ஜனநாயகக் கட்சியோடு ஆட்சியில் இருந்தது. 1982 அக்டோபரில் அணி மாறி, எஸ்பிடியின் ஹெல்முட் ஷ்மிட்டைக் கவிழ்த்து, பழைமைவாத சிடியுவின் ஹெல்முட் கோலை சான்சலராக்கியது. அடுத்த மார்ச்சில் தேர்தல். அணி மாறிய கோபத்தில் கட்சியிலிருந்து பலர் வெளியேறி, எஃப்டிபி 5 சதவீதத்தைத் தொடுமா என்பதே சந்தேகமாக இருந்த நேரம். முடிவைப் பாருங்கள்: முதல் வாக்குகளில் 2.8 சதவீதம், இரண்டாவது வாக்குகளில் 7 சதவீதம். ஒரே வாக்குச்சீட்டு, ஒரே நாள். இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் பெரும்பகுதி, கோலின் ஆட்சி தொடர வேண்டும் என்று விரும்பிய சிடியு ஆதரவாளர்கள். தொகுதியில் தங்கள் வேட்பாளருக்குப் போட்டுவிட்டு, பட்டியலில் கூட்டாளிக்குப் போட்டார்கள். இதை அங்கே இரவல் வாக்கு என்கிறார்கள். 1972இல் எஸ்பிடி ஆதரவாளர்களும் இதே உதவியைச் செய்திருந்தார்கள். அப்போது எஃப்டிபிக்கு முதல் வாக்கில் 4.8, இரண்டாவதில் 8.4.

கணக்கு எளிது. பெரிய கட்சி 45 சதவீதத்திலிருந்து 43க்கு இறங்கினால் சில இடங்கள்தான் போகும். கூட்டாளி 4.9இல் நின்றுவிட்டால் அத்தனை வாக்கும் வீண், ஆட்சியும் போச்சு. நண்பருக்காக பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. சிக்கல் என்னவென்றால், எத்தனை பேர் துண்டு போட்டிருக்கிறார்கள் என்பது உள்ளே ஏறிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

2013 ஜனவரியில் கீழ் சாக்சனி மாநிலத் தேர்தலில் இந்தச் சிக்கல் அப்படியே நடந்தது. ஆளும் சிடியு-எஃப்டிபி கூட்டணி நீடிக்க வேண்டுமானால் எஃப்டிபி பிழைக்க வேண்டும். அது கருத்துக்கணிப்புகளில் 5 சதவீதக் கோட்டை ஒட்டியே தடுமாறிக்கொண்டிருந்தது. சிடியு ஆதரவாளர்கள் கூட்டமாகக் கை கொடுத்தார்கள். எஃப்டிபி 9.9 சதவீதம் வாங்கிவிட்டது, தேவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிடியு 36 சதவீதத்துக்கு இறங்கியது. கடைசியில் எஸ்பிடியும் பசுமைக் கட்சியும் 69 இடம், இவர்கள் 68. ஓர் இடத்தில் ஆட்சி போனது.

எட்டு மாதம் கழித்து நாடாளுமன்றத் தேர்தல். சிடியு சூடு கண்ட பூனையாக இருந்தது. இரவல் கொடுக்க எங்களிடம் வாக்கு இல்லை, இரண்டாவது வாக்கு எங்கள் சான்சலர் மெர்கலுக்கான வாக்கு என்று பிரசாரம் செய்தது. மெர்கலின் அணி 41.5 சதவீதம் வாங்கியது, பிரமாதமான வெற்றி. எஃப்டிபி 4.8இல் நின்று, 1949க்குப் பிறகு முதல் முறையாக நாடாளுமன்றத்துக்கு வெளியே போனது. 631 இடங்களில் மெர்கலுக்கு 311, பெரும்பான்மைக்கு ஐந்து குறை. எதிரே உட்கார்ந்திருந்த எஸ்பிடியைத்தான் கூட்டுக்கு அழைக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்தலில் பதிவான வாக்குகளில் 15.7 சதவீதம் வரம்பைத் தாண்டாத கட்சிகளுக்குப் போய் இடமாக மாறாமலே போயிற்று. ஜனவரியில் அதிகமாகக் கொடுத்துத் தோற்றார்கள், செப்டம்பரில் கொடுக்காமல் கூட்டாளியை இழந்தார்கள். ஒருங்கிணைப்பே இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் தனித்தனியாக எடுக்கும் முடிவு சரியாக 5.5 சதவீதத்தில் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த இடத்தில் டிரெஸ்டன் கதையைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. 2005 நாடாளுமன்றத் தேர்தலின்போது அந்த நகரின் ஒரு தொகுதியில் வேட்பாளர் ஒருவர் இறந்துவிட்டதால், அங்கே மட்டும் வாக்குப்பதிவு இரண்டு வாரம் தள்ளி அக்டோபர் 2ஆம் தேதி நடந்தது. மற்ற எல்லா முடிவும் தெரிந்துவிட்டது. ஆட்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அன்றைய இடப் பங்கீட்டு முறையின் கோணலால், சிடியு அந்தத் தொகுதியில் சுமார் 41,000க்கு மேல் இரண்டாவது வாக்கு வாங்கினால் தேசிய அளவில் ஓர் இடத்தை இழக்கும் என்று தெரியவந்தது. வாக்கு கூடினால் இடம் குறையும்! சிடியு ஆதரவாளர்கள் புரிந்துகொண்டார்கள். முதல் வாக்கைத் தங்கள் வேட்பாளருக்குக் கொடுத்து அவரை ஜெயிக்கவைத்துவிட்டு, இரண்டாவது வாக்கை எஃப்டிபிக்குத் தள்ளினார்கள். அந்தத் தொகுதியில் எஃப்டிபி 16 சதவீதத்தைத் தாண்டியது. இந்த விசித்திரம் அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2008 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனக்கு இதில் பிடித்தது வேறு. சாதாரண மக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது என்று சொல்லும் பண்டிதர்களுக்கு டிரெஸ்டன் ஒரு நல்ல பதில். தகவல் தெளிவாகக் கையில் இருந்தால் மக்கள் கணக்குப் போடுவார்கள். பொதுவாக அந்தத் தகவல் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

நியூசிலாந்து 1996இல் ஜெர்மனியின் முறையைப் பார்த்து ஏறக்குறைய அதையே எடுத்துக்கொண்டது. அங்கேயும் 5 சதவீதம், ஆனால் ஒரே ஒரு தொகுதியை வென்றாலே வரம்பிலிருந்து விலக்கு. ஆக்லாந்தில் எப்சம் என்று ஒரு வசதியான தொகுதி. 2005 முதல் அங்குள்ள வலதுசாரி நேஷனல் கட்சி ஆதரவாளர்கள் கட்சி வாக்கைத் தங்கள் கட்சிக்கும், தொகுதி வாக்கைக் கூட்டாளியான ஆக்ட் கட்சிக்கும் போட்டு வருகிறார்கள். 2008இல் இதன் பலன் எவ்வளவு என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. 4.07 சதவீதம் வாங்கிய நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. 3.65 சதவீதம் வாங்கிய ஆக்டுக்கு ஐந்து இடங்கள். 2011இல் நேஷனல் தலைவர் ஜான் கீ, ஆக்ட் வேட்பாளரோடு ஒரு கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். பத்திரிகையாளர்கள் கூட்டமாக வெளியே. தன் கட்சி வேட்பாளர் களத்தில் இருக்கும்போது தலைவர் எதிர்வேட்பாளரோடு தேநீர் குடித்தால் தொகுதிக்காரர்களுக்கு அர்த்தம் புரியாதா? வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இதெல்லாம் கூட்டாளி யார் என்று முன்பே தெரிந்த தேர்தல்கள். சாவி வைத்திருக்கும் கட்சி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாதபோதுதான் வாக்காளருக்கு உண்மையான தலைவலி. கேள்வியின் இரண்டாவது பாதியும் அதைப் பற்றியதுதான்.

அதே நியூசிலாந்து, 1996. வின்ஸ்டன் பீட்டர்ஸின் நியூசிலாந்து ஃபர்ஸ்ட், ஆளும் நேஷனல் கட்சியைக் கிழிகிழியென்று கிழித்துத்தான் பிரசாரம் செய்தது. நேஷனலை வெளியேற்ற நினைத்த பலர் அதற்கு வாக்களித்தார்கள், குறிப்பாக அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள். அவர்களுக்கென்றே உள்ள மாவோரித் தொகுதிகள் ஐந்தையும் அது அள்ளியது. மொத்தம் 17 இடம், ஆட்சியின் சாவி. அக்டோபரில் தேர்தல், டிசம்பர் வரை பேச்சு. கடைசியில் பீட்டர்ஸ் நேஷனலோடு போய்ச் சேர்ந்து துணைப் பிரதமரானார். 1999இல் அந்தக் கட்சி 4.3 சதவீதத்துக்குச் சரிந்தது, மாவோரித் தொகுதிகள் ஐந்தும் போயின. பீட்டர்ஸ் தன் சொந்தத் தொகுதியை 63 வாக்கில் தக்கவைத்ததால்தான் கட்சியே மிஞ்சியது.

ஜெர்மனியின் ஹெஸ்ஸெ மாநிலம் இன்னும் கடுமையான பாடம். 2008 ஜனவரித் தேர்தலில் எஸ்பிடியின் ஆந்த்ரேயா இப்சிலான்டி, இடதுசாரிக் கட்சியோடு எந்த ஒத்துழைப்பும் கிடையாது என்று சொல்லி நின்றார். சிடியு 36.8, எஸ்பிடி 36.7, ஆளுக்கு 42 இடம். ஆட்சி அமைக்க வேறு வழி கிடைக்காமல், இடதுசாரிகளின் ஆதரவோடு முதல்வராகலாம் என்று அவர் முடிவு செய்தார். கொள்கையளவில் பெரிய பாவம் ஒன்றுமில்லை. இரண்டு கட்சிகளுக்கும் பல விஷயங்களில் நெருக்கம்தான். ஆனால் சொன்ன சொல் மாறியது. சொந்தக் கட்சியின் நான்கு உறுப்பினர்களே ஒப்புக்கொள்ளவில்லை, நவம்பரில் முயற்சி கவிழ்ந்தது. 2009 ஜனவரியில் மறுதேர்தல்: எஸ்பிடி 23.7. ஒரே ஆண்டில் 13 புள்ளி சரிவு.

இரண்டையும் அருகருகே வைத்தால், வாக்காளர் தண்டிப்பது கூட்டணி சேர்ந்ததை இல்லை என்பது தெரியும். சமரசம் இல்லாமல் இந்த முறை ஓடாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வரி விகிதத்தில் விட்டுக்கொடுத்தால் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். சேரமாட்டோம் என்று சொன்ன வாசலில் போய் நின்றால்தான் கணக்குத் தீர்க்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் வாக்கைத் தேர்ந்தெடுத்ததே அந்தச் சொல்லை நம்பி. 2017இல் எஸ்பிடியின் மார்ட்டின் ஷூல்ஸ், மெர்கலின் அமைச்சரவையில் உட்காரமாட்டேன் என்றார். 2018 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சராகப் போவதாக அறிவித்தார். ஓரிரு நாளில், சொந்தக் கட்சியின் எதிர்ப்பு தாங்காமல், அதைக் கைவிட்டார்.

நெதர்லாந்தில் வரம்பு என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. 150இல் ஓர் இடத்துக்கான வாக்கு, அதாவது 0.67 சதவீதம், இருந்தால் உள்ளே போகலாம். அதனால் வீணாகும் வாக்கு பற்றிய பயம் அங்கே சிறிது. வேறொரு பயம் உண்டு. முதலிடம் பிடிக்கும் கட்சிதான் வழக்கமாகப் பேச்சுவார்த்தையை நடத்தும், பிரதமர் பதவியும் பொதுவாக அதற்குத்தான். ஆகவே கடைசி வாரங்களில் "அவர் முதலிடம் வரக் கூடாது" என்ற போட்டி கிளம்பும். 2012இல் இடதுசாரி வாக்காளர்கள் பலர், வலதுசாரி விவிடி கட்சியின் பிரதமர் மார்க் ருட்டேவைத் தடுக்க, தங்களுக்குப் பிடித்த சோஷலிஸ்ட் கட்சியை விட்டுவிட்டு டிடெரிக் சாம்சொமின் தொழிற்கட்சிக்குத் திரண்டார்கள். மறுபக்கம் வலதுசாரிகள் ருட்டேவிடம் திரண்டார்கள். ருட்டேவின் விவிடி 41, தொழிற்கட்சி 38. இரண்டும் சேர்த்தால் 79, பெரும்பான்மை. அப்புறம் என்ன, ருட்டேயும் சாம்சொமும் சேர்ந்து ஆட்சி அமைத்துவிட்டார்கள்! ருட்டேவைத் தடுக்கப் போட்ட வாக்கே அவரைப் பிரதமர் நாற்காலியில் உட்காரவைத்தது. 2017இல் தொழிற்கட்சி 38லிருந்து 9க்கு விழுந்தது.

சேரமாட்டோம் என்ற சொல்லை விலக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் அதே நாடு காட்டியது. தீவிர வலதுசாரித் தலைவர் கேர்ட் வில்டர்ஸ் 2012இல் ருட்டேவுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கி ஆட்சியைக் கவிழ்த்ததிலிருந்து விவிடி அவரோடு சேர மறுத்துவந்தது. அதனால் வில்டர்ஸுக்குப் போடும் வாக்கு ஆட்சிக்குள் போகாது என்பது வலதுசாரி வாக்காளர்களுக்குத் தெரியும். 2023இல் விவிடியின் புதிய தலைவர் டிலான் யெஷில்கோஸ் அந்தக் கதவைத் திறந்து வைத்தார். நவம்பரில் வில்டர்ஸின் கட்சி 37 இடத்தோடு முதலிடம், விவிடிக்கு 24. குடியேற்றம், வீட்டு நெருக்கடி என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் கதவு திறந்தவுடன், தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வில்டர்ஸ் வாக்கு பயனுள்ள வாக்காகிவிட்டது என்பது என் கணிப்பு.

ஒருவரைத் தடுப்பதற்காகப் போடும் வாக்கில் இன்னொரு ஆபத்து, தடுப்பதற்குத் துணை நிற்பவர்களையே அது சாகடித்துவிடும். 2024 செப்டம்பரில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத் தேர்தல். தீவிர வலதுசாரி ஏஎஃப்டி முதலிடம் வரும்போல் இருந்தது. முதல்வர் டீட்மார் வோய்ட்கே, ஏஎஃப்டி முதலிடம் வந்தால் நான் விலகிவிடுவேன் என்று பந்தயம் கட்டினார். சிடியு, பசுமை ஆதரவாளர்கள் பலர் அவருக்காக எஸ்பிடிக்கு மாறினார்கள். பந்தயம் பலித்தது: எஸ்பிடி 30.9, ஏஎஃப்டி 29.2. ஆனால் அவருடைய ஆட்சியில் பங்காளிகளாக இருந்தவர்கள் யார்? சிடியுவும் பசுமைக் கட்சியும்தான். பசுமைக் கட்சி 5 சதவீதத்தைத் தொடாமல் சட்டமன்றத்தை விட்டே போனது. சிடியு 12 இடத்துக்குச் சுருங்கியது. எஸ்பிடியின் 32ஐயும் சேர்த்தால் 44. மொத்தம் 88, சரியாகப் பாதி, ஓர் இடம் குறை. கடைசியில் வோய்ட்கே, இடதுசாரிக் கட்சியிலிருந்து பிரிந்த ஸாரா வாகன்க்னெஹ்ட் அந்த ஆண்டுதான் உருவாக்கிய பிஎஸ்டபிள்யு கட்சியோடு சேர வேண்டியதாயிற்று. அவரைக் காப்பாற்றப் பசுமைக் கட்சியை விட்டு வந்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கூட்டணியை விரும்பியிருப்பார்கள்?

இன்னொரு வகை வாக்காளரும் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அதிகம் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். இவருடைய கருத்து மிதமானது. ஆனால் வரப்போகும் கூட்டணி தன் விருப்பத்தைவிட வலதுபக்கம் சாயும் என்று நினைத்தால், அதை இழுத்துப் பிடிக்க, தன்னைவிட இடதுபக்கம் நிற்கும் கட்சிக்கு வாக்களிப்பார். அந்தக் கட்சியின் திட்டம் முழுதாக நிறைவேறாது, பேரத்தில் பாதி போய்விடும், மிச்சம் தான் விரும்பிய இடத்தில் வந்து நிற்கும் என்பது அவர் கணக்கு. பசுமைக் கட்சிகளுக்கு வாக்களிக்கும் சில நடுத்தர வர்க்கத்தினரை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. சொந்தத் திட்டத்தை நம்பி இல்லை, பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பக்கம் கனம் கூட வேண்டும் என்பதற்காக.

இதிலிருந்தே உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கும் வரலாம். நான் போட்ட கட்சி பிடிக்காத கட்சியோடு சேர்ந்துவிட்டால் அந்த வாக்கு வீணா? இல்லை. கூட்டணியில் அமைச்சர் பதவிகள் ஏறக்குறைய இடங்களின் விகிதத்திலேயே பிரியும் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். கேம்சன் விதி என்றே பெயர். உங்கள் கட்சி 12 சதவீதமா 16 சதவீதமா என்பது நிதித்துறை யாருக்கு என்பதில் வந்து நிற்கலாம். எஸ்பிடியில் 2013, 2018, 2025 மூன்று முறையும் கூட்டணி ஒப்பந்தத்தைக் கட்சி உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கே விட்டார்கள். மூன்று முறையும் ஒப்புதல் கிடைத்தது. கட்சி அட்டை வைத்திருப்பவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, வெறும் வாக்காளருக்கு இல்லை என்ற ஏற்றத்தாழ்வு அதில் இருக்கிறது. எனக்கு அது உறுத்தல்தான்.

2025 பிப்ரவரி 23 தேர்தலில் இந்த எல்லா இழைகளும் ஒன்றாக வந்து சிக்கின. சிடியுவின் ஃப்ரீட்ரிஷ் மெர்ட்ஸ் முதலிடம் வருவது உறுதி. ஏஎஃப்டியோடு கூட்டணி இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். பசுமைக் கட்சி கூடவே கூடாது என்று அவருடைய பவேரியச் சகோதரக் கட்சி சிஎஸ்யுவின் தலைவர் மார்க்குஸ் சோடர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எஃப்டிபிக்கு இரவல் வாக்கு வேண்டாம் என்று மெர்ட்ஸே கேட்டுக்கொண்டார். மறுப்புகளை எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது எஸ்பிடி மட்டும். ஆக ஆட்சி யாருடையது என்பது பிரசாரத்தின்போதே பெரும்பாலும் தெரிந்துவிட்டது. இரண்டு கட்சி போதுமா, மூன்றாவது ஒன்று தேவையா என்பது மட்டும் பாக்கி. அது பெரிய கட்சிகளின் கையில் இல்லை. 5 சதவீதக் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்த மூன்று கட்சிகளின் ஆதரவாளர்கள் கையில் இருந்தது.

இடதுசாரிக் கட்சி தன் ஆதரவாளர்களின் பயத்தை முதலில் போக்கியது. கிரெகர் கீசி உள்ளிட்ட மூன்று மூத்த தலைவர்களைத் தொகுதிகளில் நிறுத்தி, 5 சதவீதம் வராவிட்டாலும் மூன்று தொகுதி விதி வழியாக உள்ளே போவோம், உங்கள் வாக்கு வீணாகாது என்று காட்டியது. 2021இல் 4.9 சதவீதத்தோடு அப்படித்தான் பிழைத்திருந்தது. ஜனவரிக் கடைசியில் மெர்ட்ஸ் குடியேற்றம் பற்றிய ஒரு தீர்மானத்தை ஏஎஃப்டி வாக்குகளோடு நிறைவேற்றியதும், கோபத்தில் இளைஞர்கள் அந்தக் கட்சிப் பக்கம் குவிந்தார்கள். 8.8 சதவீதத்தில் வந்து நின்றது. எஃப்டிபி 4.3. பிஎஸ்டபிள்யு 4.98, வரம்புக்குச் சுமார் 9,500 வாக்கு குறைவு.

மெர்ட்ஸின் அணிக்கு 208, எஸ்பிடிக்கு 120. மொத்தம் 630இல் 328, பெரும்பான்மைக்கு 12 அதிகம். பிஎஸ்டபிள்யு உள்ளே வந்திருந்தால் இடப் பங்கீடு மாறி இந்த இரண்டு கட்சிக்கும் பெரும்பான்மை கிடைத்திருக்காது. பசுமைக் கட்சியை அழைப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது, சோடர் அத்தனை மாதம் சொன்னதை எல்லாரும் எடுத்துக் காட்டியிருப்பார்கள். இது 5 சதவீதத்தைத் தொடாது, போட்டு என்ன பயன் என்று நினைத்துக் கடைசி வாரத்தில் பிஎஸ்டபிள்யுவை விட்டுப் போனவர்கள் 10,000 பேராவது இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.